கோணல் கரண்டி

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிடலாம், ஆனால் அதை எழுதுகிற கைக்குத்தான் சௌக்கியமில்லை. தலையணையை முட்டுக் கொடுத்து அதன் மேல் கையைப் படுக்க வைத்து எழுதுகிறேன், எழுத்து மேலும் கீழுமாகப் போனால் நீயே சேர்த்துப் படித்துக்கொள். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எங்கே சொல்வது? நான் போனை எடுத்தால் போதும், உன் அப்பா பேப்பரை மடித்துப் போட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுகிறார். ஸ்பீக்கரில் போடு என்கிறார். போட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே எல்லாம் பேசி முடித்து, அம்மா நல்லா இருக்கா, வெச்சிடவா என்று வைத்தும் விடுகிறார். அதனால்தான் என் கடிதம் கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதே என்று அன்றைக்கு அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து உன்னிடம் சொன்னேன்.

நீயும் உன் அக்காவும் கூடிப் பேசி முடிவு கட்டிவிட்டீர்கள், எனக்குத் தகவல் மட்டும் வந்தது. அடுத்த மாதம் என் வலது தோளில் ஆபரேஷன். அதற்குப் பிறகு கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டிவிடுவார்கள், டாக்டர் சொல்லும்வரை அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக் கூடாது. ஆகவே அம்மா அக்கா வீட்டுக்கு, அப்பா விமானம் ஏறி உன் வீட்டுக்கு. பாகம் பிரிக்கும்போது பானை ஒருத்தருக்கு மூடி இன்னொருத்தருக்கு என்று எடுத்துக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதும்மா, உனக்குக் கை இல்லாம ரெண்டு பேரும் தனியா இருந்தா பட்டினிதான் கிடக்கணும் என்று நீ சொன்னாய். நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷர் சமையலறைக்குள் வந்தது தண்ணீர் குடிக்கவும் பல்பு மாட்டவும்தான். நான் ஒருமுறை காய்ச்சலில் படுத்துக்கொண்டு, பாலையாவது காய்ச்சுங்கள் என்று கெஞ்சியபோது, பால் பாக்கெட்டைப் பிரிக்காமலே பாத்திரத்துக்குள் வைத்து அடுப்பைப் பற்ற வைத்தவர் அவர். வீடு முழுக்க பிளாஸ்டிக் நாற்றம். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டதற்கு, காய்ச்சத்தானே சொன்ன, பிரிக்கச் சொல்லலையே என்றார். அக்காவை இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் கதையை நடித்தே காட்டுவாள்.

சரி, உன் யோசனைக்கு என் பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ செய்து வைத்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தகப்பனுக்கு மற்ற பிள்ளைகள் ஸ்வெட்டர் அனுப்புகிறார்கள், நல்ல செருப்பு அனுப்புகிறார்கள், பிரஷர் பார்க்கிற மெஷின் அனுப்புகிறார்கள். நீ கத்தி அனுப்பினாய். நேரான கத்தி ஒன்று, கொக்கி மாதிரி வளைந்த கத்தி ஒன்று, தீட்டிக்கொள்ளத் தோல் பட்டை ஒன்று, கூடவே ஒரு புத்தகம், அதன் அட்டையில் தாடிக்காரன் ஒருவன் மரக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பிள்ளை பெற்றவன் போலச் சிரிக்கிறான். கையாலேயே மரக்கரண்டி செதுக்கலாம்ப்பா, மனசுக்கு அமைதியா இருக்கும் என்று நீ போனில் சொன்னாயே, அமைதி அவருக்கு, மரத்தூள் எனக்கு. படுக்கையில் சீவல், செருப்புக்குள் சீவல், துவைத்துக் காயப்போட்ட புடவை மடிப்பில் சீவல். ஒருநாள் அரிசி களையும்போது மேலே மிதந்து வந்தது. வீட்டில் கரண்டிக்குப் பஞ்சமா என்ன? இழுப்பறையைத் திறந்தால் ஒன்றை எடுக்க நான்கு கூடவே வருகிறது. அந்த இழுப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத மனுஷர் கரண்டி செய்யக் கிளம்பினார்.

கிளம்பியதாவது ஒழுங்காகக் கிளம்பினாரா? ஆயுசு முழுக்க ஆபீசில் உட்கார்ந்து பாலத்துக்கும் மதகுக்கும் படம் போட்ட கை அல்லவா, கத்தியைத் தொடுவதற்கு முன்னால் பெரிய தாளை விரித்துவிட்டார். மேலே இருந்து பார்த்தால் கரண்டி எப்படி இருக்கும், பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும், நடுவில் அறுத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தனித்தனியாகப் படம். ஓரத்தில் அளவு, மூலையில் கையெழுத்து. எலி பிடிக்க யானை மேல் ஏறிப் போன கதைதான். மரத்துக்கு எங்கே போனார் தெரியுமா? மின்கம்பியில் படுகிறது என்று தெருவில் கிளை வெட்டிப் போட்டிருந்தார்களே, அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். நம் வீட்டு மனுஷர் கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறி வருவதைக் கீழ்வீட்டு மேல்வீட்டு ஜன்னல் எல்லாம் பார்த்தது. பச்சை மரம்தான் கத்திக்கு இடம் குடுக்கும், காய்ஞ்சிட்டா கல்லு மாதிரி ஆயிடும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். காயாமல் இருக்க என்ன செய்தார்? நான் ஃபிரிட்ஜைத் திறக்கிறேன், காய்கறித் தட்டில் என் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு கிளை படுத்திருக்கிறது. அதற்கு இடம் விட்டு என் கேரட்டும் முட்டைக்கோஸும் வெளியே மேஜை மேல் வாடிக்கொண்டு கிடக்கின்றன. இது வீடா விறகுக்கடையா என்று கேட்டேன். விறகு இல்ல, மூலப்பொருள் என்றார்.

இதற்குக் கூட்டாளி ஒருவர் வேறு சேர்ந்துவிட்டார். கீழ்வீட்டுப் பல் டாக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, அழாம இருந்தா பல்லைத் திருப்பிக் குடுத்துடறேன் என்றாரே, அவர்தான். கிளினிக்கை மூடிவிட்டார், அவர் வீட்டு அம்மா இறந்துபோன பிறகு மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, பேச ஆள் கிடையாது. இரண்டு பேரும் மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். சீவுவதைவிடப் பேசுவது அதிகம். மரத்தின் ரேகையோடு போகணும் சார், ரேகைக்கு எதிர்த்துப் போனா பிளந்துக்கும் என்று இவர் சொல்ல, ஈறுகூட அப்படித்தான் சார் என்று அவர் சொல்ல, உலகத்தில் வேறு விஷயமே இல்லாதது போல. கட்டைவிரலை நோக்கிக் கத்தியை இழுத்து இழுத்துச் சீவ வேண்டுமாம், அதற்காகக் கட்டைவிரலுக்குத் தோல் உறை. உறை போட்ட விரலை விட்டுவிட்டு உறை போடாத விரலை எல்லாம் வெட்டிக்கொண்டார். பிளாஸ்டர் வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே எடுத்து வைக்கிறார்.

முதல் கரண்டி பாதியிலேயே போயிற்று. கொக்கிக் கத்தியால் குழியைக் குடைந்து குடைந்து, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று போய், மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. பல் டாக்டர் தன் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, வேர் வரைக்கும் போயிட்டீங்க சார், இனிமே பிடுங்கத்தான் முடியும் என்றாராம். இரண்டாவது கரண்டியை நன்றாகச் செதுக்கி, சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைத்தார், அது பட்டென்று வாய் பிளந்துகொண்டது. அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை உன் அப்பா. மூன்றாவது உடையாமல் ஓட்டை இல்லாமல் வந்தது. ஆகா என்று கஞ்சியில் போட்டுக் கிண்டினேன், ஒரு வாய் வைத்தேன், கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, நாக்கு மறுநாள்வரை நாக்காக இல்லை. அது என்ன மரம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, பல் டாக்டருக்கும் தெரியாது. படம் போடத் தெரிந்தது, அளவு எழுதத் தெரிந்தது, மரத்தை ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்க்கத் தெரியவில்லை. பழம் தின்கிற மரமாகப் பார்த்து எடுத்தால் என்ன குறைந்து போகும் என்று கத்தினேன். அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

கடைசியில் ஒரு கரண்டி வந்தது, சொன்னால் சொல்ல வேண்டும், பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய் தடவி, துணியால் தேய்த்து, பளபளவென்று. அதை உன் பள்ளிக்கூடக் கோப்பைக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் வைத்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரும் எடுத்துப் பார்த்து, சார் கையில என்ன வித்தை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வந்தது கோபம். அந்த நேரம் தோள் வலி ஆரம்பித்துவிட்டது, ஒரு பானை கிண்டி இறக்குவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது, இவர் என்னடா என்றால் கிண்டாத கரண்டிக்கு மாலை போடாத குறை. அலமாரியைத் திறந்து அதை எடுத்தேன், நேரே அடுப்பில் இருந்த கஞ்சிக்குள் விட்டேன். ஐயோ என்று ஓடி வந்தார். ஐயோவும் இல்லை ஆச்சியும் இல்லை, பாருங்கள் என்றேன். முனை உருண்டையாக இருக்கிறது, பாத்திரத்தின் அடிமூலைக்குப் போகவே இல்லை, அங்கே எல்லாம் பிடித்துக்கொண்டது. காம்பு குட்டை, ஆவி கையைச் சுடுகிறது. குழி ஆழம், உள்ளே போனது வெளியே விழ மாட்டேன் என்கிறது. பாத்திரம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் கரண்டிக்குப் படம் போட்டிருக்கிறீர்களே, ஆறு எங்கே ஓடுகிறது என்று பார்க்காமலா பாலம் கட்டினீர்கள், ஒருநாளாவது ஒரு பானையைக் கிண்டியிருந்தால் தெரியும் என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. பிறகு, குடு பாக்கலாம் என்று கரண்டியை வாங்கி, அடுப்பு முன்னால் நின்று கிண்ட ஆரம்பித்தார். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, இந்த இடத்துல இடிக்குது, இந்த இடத்துல தொடல என்று தனக்குத் தானே முனகிக்கொண்டு. கஞ்சி தீய்ந்ததுதான். தீய்ந்த அடியைச் சுரண்டிப் பார்த்து, அந்த வளைவைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

மறுநாள் அதே கரண்டி ஒரு ஓரம் தட்டையாகச் சீவப்பட்டு வந்தது. மறுபடியும் கிண்டிப் பார்க்க வேண்டும் என்றார். அதற்குக் கஞ்சி வேண்டுமே, எனக்குக் கை வலிக்கிறது, நீங்களே தண்ணீர் வையுங்கள் என்றேன். வைத்தார். எவ்வளவு தண்ணி என்று கேட்டார், சொன்னேன். உப்பு எங்க இருக்கு என்று கேட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு உப்பு இருக்கிற இடத்தைக் கேட்டார், காட்டினேன். அப்போதுதான் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார், உன் பாகப் பிரிவினையும் வந்து சேர்ந்திருந்தது. உன் அம்மாவுக்குப் படிப்பு குறைவு என்றாலும் புத்தி குறைவு இல்லை. சமையல் கற்றுக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொன்னால் அந்த மனுஷருக்கு அன்றைக்கே முதுகுவலி வந்துவிடும். கரண்டியில் குறை இருக்கிறது என்று சொன்னாலோ எழுந்து நிற்பார். அதனால் நான் குறை சொல்ல ஆரம்பித்தேன். அது எனக்குக் கஷ்டமான வேலையா என்ன, குறை சொல்வதற்கு எனக்குத் தோள் வேண்டியதில்லை. கஞ்சிக்கு இது பரவாயில்லை, வெங்காயம் புரட்ட இது ஆகாது என்றேன். வெங்காயத்துக்கு ஒன்று செதுக்கினார், அதைச் சோதிக்க வெங்காயம் வதக்க வேண்டி வந்தது. வெங்காயத்தையும் செதுக்குகிற கத்தியாலேயே, கட்டைவிரலை நோக்கி இழுத்து இழுத்துத்தான் வெட்டுகிறார், கண்ணில் தாரை தாரையாக ஓடுகிறது, பல் டாக்டர் பக்கத்தில் நின்று வலிச்சா கையைத் தூக்குங்க சார் என்கிறார். இது சூப்புக்கு ஆகாது என்றேன், சூப் வைத்தார். முட்டைக்கு ஆகாது என்றேன், முட்டை கிளறினார். முதல் முட்டையை ரப்பர் போல எடுத்தார், இப்போது பரவாயில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு, ஏம்மா அப்பாவை இப்படிக் கரிச்சுக் கொட்ற, பாவம்மா என்றாள். நீ சும்மா இருடி என்றேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள், நம் வீட்டில் அகப்பையைச் செய்து செய்து சட்டியில் வர வைத்தேன். அவருக்கு இன்னும் தான் கரண்டி செய்கிறோம் என்றுதான் நினைப்பு. அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. சீவல் போடுகிற வாளியைக் கொட்டப் போனால் அடியில் இரண்டு மூன்று கோணல் கரண்டி கிடந்தது. காம்பு ஒரு திசை, குழி இன்னொரு திசை, யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்ப்பது போல. காம்பாவது அளவாக இருக்கிறதா, உலக்கை மாதிரி தடிமன். இது என்ன வேடிக்கை, நாள் ஆக ஆகக் கை தேறும் என்பார்கள், இவருக்குக் கோணிக்கொண்டு போகிறதே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகி, அந்தக் குரங்குக்கும் கழுத்து சுளுக்கிக்கொண்டதா என்று கேட்டேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார், மரம் அப்படி, நான் என்ன பண்றது என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோடு சட்டை வேறு. போடுகிற சட்டையில் எல்லாம் நெஞ்சில் கஞ்சிக் கறை. எனக்குத் துவைக்கக் கை ஓடவில்லை, இவர் கைக்குழந்தை மாதிரி மேலெல்லாம் வழிய விட்டுக்கொண்டு வருகிறார். வயசானா வாய் எங்கே இருக்கிறது என்றுமா மறந்துபோகும், கழுத்தில் துண்டு கட்டிவிடட்டுமா என்று கேட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். இப்படி நான் அவரைப் பேசாத பேச்சு இல்லை, அதை உனக்கு மறைக்கப் போவதும் இல்லை.

போன வாரம் ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்க வேண்டிய பரிசோதனைக்கு அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தோம், அங்கே கூட்டம் இல்லாததால் சீக்கிரமே முடிந்துவிட்டது. அக்கா என்னை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மெல்ல மாடி ஏறி வந்தேன், கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே சாப்பாட்டு மேஜை முன்னால் உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். வலது கையை என் துண்டால் கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டியிருக்கிறது. இடது கையில் அந்தக் கோணல் கரண்டி. எதிரே கஞ்சிக் கிண்ணம். அள்ளுகிறார், வாய்க்குக் கொண்டு போகிறார், பாதி சட்டையில் விழுகிறது. பல் டாக்டர் முன்னால் குனிந்து நின்று வாயையே பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உள்பக்கமா வளையணும் சார், வாய்க்கு நேரா வரல, அவங்களுக்கு இடது கை பழக்கம் இல்ல, மணிக்கட்டைத் திருப்பத் தெரியாது என்கிறார். உன் அப்பா, காம்பு இன்னும் பருமனா இருக்கட்டுமா சார், மெல்லிசா இருந்தா அவளுக்குப் பிடி வராது, கோவம் வந்து தூக்கிப் போட்டுடுவா என்கிறார். ஆஸ்பத்திரில ஊட்டிவிடலாமே சார் என்று டாக்டர் கேட்கிறார். அவ ஊட்டிக்க மாட்டா சார், இத்தனை வருஷமா எல்லாருக்கும் போட்டவ, யார் கையிலயும் வாங்கிச் சாப்பிட மாட்டா, அவளே சாப்பிடணும் என்கிறார்.

நான் உள்ளே போகவில்லை. ஒரு தளம் இறங்கிப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். என்ன நினைத்தேன் என்று கேட்காதே, ஒன்றும் நினைக்கவில்லை, அழுதேன், அவ்வளவுதான். யாரை யார் ஏமாற்றிக்கொண்டிருந்தோம் என்றே எனக்குத் தெரியவில்லை. அவரை அடுப்புப் பக்கம் இழுத்துவிட்டேன் என்று நான் கெட்டிக்காரியாக நினைத்துக்கொண்டிருக்க, அந்த மனுஷர் எனக்குத் தெரியாமல் என் கையைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்துச் சத்தம் போட்டுக்கொண்டு, ஒருதரம் இருமிவிட்டு ஏறி வந்தேன். நான் வருவதற்குள் துண்டு கொடியில், கரண்டி காணோம், பல் டாக்டர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார். சட்டையை மட்டும் மாற்ற நேரம் இல்லை. இன்றைக்கும் கஞ்சியா, குழந்தை என்று நினைப்பா என்று சத்தம் போட்டேன். போடாமல் விட்டால் சந்தேகம் வந்துவிடுமே.

இப்போது உன் கேள்விக்குப் பதில். டிக்கெட் போடாதே. நாங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டிலேயே இருப்போம். அக்கா வேண்டுமானால் வேலை முடிந்து வந்து என் தலையை வாரிவிட்டுப் போகட்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். உன் அப்பாவுக்குக் கஞ்சி வைக்கத் தெரியும், சூப் வைக்கத் தெரியும், முட்டை கிளறத் தெரியும், பால் பாக்கெட்டைப் பிரிக்கவும் தெரியும், அதை நின்று பார்த்தேன். இதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விருந்து வைக்க முடியாது, இரண்டு வயிறு பிழைக்கும். உன் வீட்டில் அவர் சௌகரியமாகத்தான் இருப்பார், நீயும் மருமகளும் குறை வைக்க மாட்டீர்கள். ஆனால் எனக்கு அவர் இல்லாமல் இருக்க முடியாதுடா. அதை வாயால் சொல்ல எனக்கு வராது, கையால் எழுதிவிட்டேன். ஆபரேஷனை நினைத்தாலும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. கண் விழிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது தப்பாகச் செய்துகொண்டிருக்கிற ஆள் ஒருவர் எனக்கு வேண்டும், இல்லாவிட்டால் யாரைத் திட்டிக்கொண்டு எழுந்து உட்காருவேன்? அந்தக் கரண்டியை எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தான் எடுத்துக்கொண்டு வருவார், எங்காவது பையின் அடியில் ஒளித்து வைத்து. நீட்டும்போது என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன். இது என்ன இவ்வளவு கோணலா இருக்கு என்றுதான் கேட்பேன். வேறு எது கேட்டாலும் அழுதுவிடுவேன்.

மருமகளுக்கு என் ஆசியைச் சொல். அவள் இருமல் நின்றதா? இருமலுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று சொல், நான் சொன்னேன் என்று சொல்லாதே, நீயே சொல்வதாகச் சொல். நீயும் வேலை வேலை என்று நின்றபடி சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிட்டால் ஆபீஸ் ஓடிப்போய்விடாது. சமையலறைப் பக்கமும் அவ்வப்போது போய்வா, உப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள், உன் அப்பா வயசு வரைக்கும் காத்திருக்காதே. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டாதே. அம்மா என்ன எழுதியிருக்கா என்று போனில் கட்டாயம் கேட்பார். பக்கம் பக்கமாக உங்களைத்தான் திட்டியிருக்கிறாள் என்று சொல், பொய் சொன்னதாகவும் ஆகாது. இன்னொன்று, அந்தக் கொக்கிக் கத்தி முனை மழுங்கிவிட்டது என்று பல் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், உன்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறார். ஒன்று வாங்கி அனுப்பு, ஆபரேஷனுக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி.

என்றும் உன் நினைவில்,
வலது கை உள்ளவரை வலது கையால் எழுதும்
உன் அம்மா